ஓடாத ஜீப்பும் ஓடும் மின்சாரமும்



கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலம் கோடையில் ஒரு முகமும் மழைக்காலத்தில் வேறொரு முகமும் காட்டுவது. சித்திரை வெயிலில் அது வெடித்துப் பிளந்து கிடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் அதே மண் நீரை உறிஞ்சிப் பருத்துப் பிசின் போலாகிவிடும். நடப்பவன் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். வண்டிச் சக்கரத்தை ஆரக்கால் தெரியாமல் மூடிவிடும். அம்மண்ணிலுள்ள களித்துகள்கள் தம் அடுக்குகளுக்கிடையே நீரை ஏற்று விரிவதே இதற்குக் காரணம். பருத்திக்கும் கம்புக்கும் உகந்த அந்நிலம் வண்டிகளுக்கு உகந்ததன்று.

அத்தகைய நிலத்திற்கென்றே பிறந்தது போன்ற ஊர்தி ஜீப். இரண்டாம் உலகப் போரில் 1941-ஆம் ஆண்டு முதல் பெருந்தொகையாக உற்பத்தியான இவ்வண்டி, 1949-இல் பம்பாய் மஸகானில் மகீந்திரா நிறுவனத்தாரால் நம் நாட்டிலேயே பூட்டப்படலாயிற்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமூக வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பிறகு, சிற்றூர் மக்களுக்கு ஜீப் என்றால் சர்க்கார், சர்க்கார் என்றால் ஜீப் என்னும் நிலை ஏற்பட்டது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்வதால் இரண்டு சக்கரங்கள் வழுக்கினாலும் மற்ற இரண்டும் இழுத்துக்கொண்டு போகும். ஆயினும், எஞ்சினுக்குள் தீப்பொறி ஒன்று உரிய நேரத்தில் தோன்றாவிட்டால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே நின்றுவிடும். அப்பொறியைப் பற்றியும், அது வராதபோது அதனைத் தேடும் முறையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

தேடும் முறையை எனக்குக் கற்பித்தவர் ஒரு ஜீப் ஓட்டுநர். 1984 டிசம்பரில் தமிழ்நாட்டில் சட்டமன்றத்திற்கும் நாடாளுமன்றத்திற்கும் சேர்ந்தே தேர்தல் நடந்தது. நான் ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம். எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் வாக்குச்சாவடிப் பணி எனக்கு வாய்த்தது. அப்பகுதி அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது; 1986-இல்தான் மாவட்டம் பிரிந்தது. மாலையில் பெட்டிகளுக்கு அரக்கு முத்திரையிட்டுப் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மழை விட்டிருந்தது, வண்டிப்பாதை விடவில்லை. ஓர் ஓடையைக் கடக்கும்போது முழங்கால் அளவு நீர். ஏறக்குறைய அக்கரை சேர்ந்த இடத்தில் எஞ்சின் இருமுறை இருமியது, நின்றுவிட்டது.

வாக்குப் பெட்டிகளை விட்டு அகலலாகாது. தூக்கிக்கொண்டு நடக்கவும் இயலாது. விடிவதற்குள் மேலும் மழை வந்தால் ஓடை பெருகும். பெயரளவில் எப்போதும் வெல்லும் ஊருக்கு இரண்டு கல் தொலைவில் நாங்கள் தோற்று நின்றோம். பௌதிகப் பட்டம் பெற்றவன் என்னும் துணிவில் நான், "பாட்டரி போய்விட்டது, அண்ணாச்சி" என்று தீர்ப்புக் கூறினேன். ஓட்டுநர் என்னைப் பார்த்து, "செல்ப் சுத்துதே சார். பாட்டரி போயிருந்தா அது எப்படிச் சுத்தும்?" என்று கேட்டார். கேள்வி மிக எளியது. கல்லூரியில் அதை எவரும் என்னைக் கேட்டதில்லை.

அவர் செய்தவற்றைச் சொல்வதற்கு முன், பொறி எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் எஞ்சினின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்பட்டிருக்கும்போது, ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே பொறி தாவ வேண்டும். இடைவெளி ஏறத்தாழ முக்கால் மில்லிமீட்டர்தான். ஆனால் அமுக்கப்பட்ட வாயுவின் ஊடே தாவுவதற்குப் பதினாயிரம் வோல்ட் அளவில் மின்னழுத்தம் தேவை. வண்டியிலுள்ள பாட்டரியோ 12 வோல்ட்; தொடக்க கால ஜீப்புகளில் 6 வோல்ட்டே. பன்னிரண்டைப் பதினாயிரமாக்குவது எங்ஙனம்?

விடை 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட உண்மையில் இருக்கிறது. ஒரு கம்பிச் சுருளின் அருகே காந்தப்புலம் மாறும்போது அச்சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மாற்றம் எவ்வளவு விரைவோ அவ்வளவுக்கு அழுத்தம் மிகுதி. ஜீப்பிலுள்ள இக்னிஷன் காயில் என்னும் குப்பிக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்று தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள். மற்றொன்று மயிரிழை போன்ற கம்பியில் இருபதாயிரம் அளவிலான சுற்றுகள். பாட்டரியின் மின்சாரம் முதற் சுருளில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அவ்வோட்டத்தைச் சடக்கென்று வெட்டினால் புலம் சரிகிறது. இரண்டாம் சுருளில் பேரழுத்தம் எழுகிறது. ஆகவே பொறி பிறப்பது மின்சாரம் பாயும் கணத்தில் அன்று, அது வெட்டுப்படும் கணத்தில். மாணவர்கள் பலர் இதனைத் தலைகீழாகவே எழுதுவார்கள்.

வெட்டும் வேலையைச் செய்வது டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் என்னும் இரு சிறு உலோக முனைகள். மெக்கானிக்குகள் இதனைப் 'பிளாட்டினம்' என்பார்கள். எஞ்சின் சுழலச் சுழல ஒரு முட்டு அவற்றைத் திறந்து மூடுகிறது. திறக்கும்போது அம்முனைகளுக்கிடையிலேயே பொறி தாவி அவை கருகிவிடாமல், கண்டென்ஸர் என்னும் விரலளவு உருளை மின்சாரத்தை வாங்கிக்கொள்கிறது. காயிலில் எழுந்த பேரழுத்தம் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவே வந்து, உள்ளே சுழலும் ரோட்டர் வழியாக ஒவ்வொரு பிளக்கிற்கும் முறையே அனுப்பப்படுகிறது. ஜீப்பில் அம்முறை 1, 3, 4, 2. எஞ்சின் நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும்போது நான்கு உருளைகளுக்கும் சேர்த்து விநாடிக்கு 100 பொறிகள்! அதில் ஒன்று தவறினாலும் ஓட்டுபவர் உடலில் அதிர்வு தெரியும்.

இவ்வளவையும் நான் படித்திருந்தேன். படித்தது பாதையாக என் மனத்தில் இல்லை, பாகங்களாகவே இருந்தது. ஓட்டுநருக்கோ அது பாதை. பாட்டரி, சாவி, காயில், பாயிண்ட், மூடி, பிளக் என்று மின்சாரம் நடந்து செல்லும் ஒற்றையடிப் பாதை. வழியில் எங்கோ அது நின்றுவிட்டது. எங்கே என்று காண, முதலிலிருந்து அடியடியாக நடக்கத் தேவையில்லை, நடுவில் போய் நின்று, "இதுவரை வந்ததா?" என்று கேட்டால் போதும். வந்திருந்தால் குற்றம் அப்பால், வரவில்லையென்றால் இப்பால். ஒரே சோதனையில் பாதிப் பாதை ஐயத்தினின்று நீங்கிவிடுகிறது. கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவன் துழாவுவது போல் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டுவது வீண் செலவு. அதனால் பழுது தற்செயலாக நீங்கினாலும் எதனால் நீங்கியது என்பது தெரியாமற் போய்விடும்.

அவர் முதலில் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, கையில் துணி சுற்றிப் பிடித்து, எஞ்சின் இரும்புக்கு அரையங்குலத்திற்கும் குறைவான தூரத்தில் வைத்து, என்னைச் செல்ப் போடச் சொன்னார். பொறி இல்லை. அடுத்துக் காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவுக்கு வரும் கம்பியைக் கழற்றி அவ்வாறே பிடித்தார். நீல நிறத்தில் 'சட் சட்' என்று கொழுத்த பொறி! இதனால் பாட்டரி, சாவி, காயில், பாயிண்ட், கண்டென்ஸர் ஆகிய அனைத்தும் குற்றமற்றவை என்று ஒரு நொடியில் விடுதலை பெற்றன. எஞ்சியவை மூடியும் ரோட்டரும் பிளக் கம்பிகளுமே.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது. கம்பிகளை மீண்டும் மாட்டிவிட்டு, "லைட்டை அணைங்க" என்றார். காவலர் தம் டார்ச்சை அணைத்தார். கும்மிருட்டு. நான் செல்ப் போட்டேன். டிஸ்டிரிபியூட்டர் மூடியின் மேல் மெல்லிய நீலக் கோடுகள் பூரான் ஊர்வது போல் ஊர்ந்தன. பிளக்கிற்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியே எஞ்சின் இரும்பை அடைந்துகொண்டிருந்தது. ஓடையில் இறங்கியபோது ரேடியேட்டர் விசிறி நீரை வாரி எஞ்சின்மேல் அடித்திருக்கிறது. ஆழமான நீரில் இறங்குவதற்கு முன் விசிறிப் பட்டையைத் தளர்த்திவிட வேண்டும் என்பது இக்காரணத்தால்தான். கரை ஏறியதும் அதனை மறவாமல் இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் எஞ்சினும் சூடேறும், டைனமோவும் சுழலாது. சூடேறுதலும் மின்னேற்றம் நிற்பதும் ஒன்றாக வந்தால், இரண்டு நோய் என்று எண்ணாதீர்கள், பட்டையைப் பாருங்கள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளேயும் நீர்த்துளிகள். துடைக்க உலர்ந்த துணி வேண்டும். எங்கள் உடையில் உலர்ந்த நூலிழை ஒன்றும் இல்லை. தேர்தல் பைக்குள் மடித்து வைத்திருந்த என் துண்டு உதவியது. அரக்கு உருக்கக் கொடுத்திருந்த மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அதே பையில் இருந்தன. பெட்ரோல் வாடை எட்டாத தொலைவுக்குச் சென்று, சுடரிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூடியைப் பிடித்துக் காயவைத்தோம். மழைக்காற்றில் தீக்குச்சி உரசினால் பற்றாது என்பது தீப்பெட்டித் தொழிலில் பெயர் பெற்ற கோவில்பட்டியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். மின்பொறிக்கும் ஈரம் ஆகாது. இங்கு ஒன்று கூறவேண்டும். மூடியின் உள்ளே பென்சிலால் கோடிழுத்தது போன்ற கறுப்பு வரை காணப்பட்டால் அது பொறி நடந்து கருகிய தடம். கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால், எத்துணை முறை துடைத்தாலும் அது மறுபடி கசியும். மூடியை மாற்றுவதே வழி. எங்கள் நற்பேறு, அத்தகைய தடம் எதுவும் இல்லை.

மூடியை மாட்டிச் செல்ப் போட்டால், இப்பொழுது அது முனகியது, சுற்றவில்லை. இவ்வளவு நேரச் சோதனையில் பாட்டரி இளைத்துவிட்டது என்றுதான் நான் எண்ணினேன். ஓட்டுநர் மறுமொழி கூறாமல் முகப்பு விளக்கைப் போட்டார். செல்ப் போடாதபோது நன்றாகவே எரிந்தது. செல்ப் போட்டதும் அணைந்தாற்போல் மங்கியது. உடனே பாட்டரியின் தடித்த கம்பிகளைக் கையால் தடவிப் பார்த்தார். ஒரு கம்பி சட்டத்துடன் இணையும் இடத்தில் சுட்டது. "இங்கதான் இருக்கு" என்றார்.

அச்சூட்டின் பொருளை உங்களுக்குக் கணக்காகவே சொல்லிவிடலாம். செல்ப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது ஏறத்தாழ 150 ஆம்பியர் மின்சாரம் குடிக்கிறது. இணைப்பில் துருவும் சேறும் சேர்ந்து ஓர் ஓம்மில் நூற்றில் ஒரு பங்கு தடை ஏற்பட்டிருக்கிறது என்று கொள்வோம். 150-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 1.5 வோல்ட். பன்னிரண்டில் ஒன்றரை வோல்ட் அவ்விடத்திலேயே தொலைந்துவிடுகிறது. 225 வாட் அளவு வெப்பம் அங்கே பிறக்கிறது. விளக்கோ சில ஆம்பியர்களே எடுப்பதால் அதற்கு அத்தடை ஒரு பொருட்டன்று. ஆகவே விளக்கு நன்றாக எரிவதால் மட்டும் இணைப்பு நன்றாக இருக்கிறதென்று கொள்ளக்கூடாது. இக்கணக்கிற்கு அடிப்படையான விதியை 1827-இல் வெளியிட்ட ஓம் என்பவர் ஜெர்மனியில் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை இவ்விடத்தில் குறிப்பிடுவதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

செல்ப் போடும்போது விளக்கு மங்காமல், மோட்டாரும் அசையாமல் இருந்தால் மின்சாரம் மோட்டாரை எட்டவே இல்லை, சுவிட்சைப் பார்க்கவேண்டும். மங்கினால் பாட்டரி இளைத்திருக்கலாம், அல்லது இணைப்புக் கெட்டிருக்கலாம். தொட்டுப் பார்த்தால் கெட்ட இணைப்பு தன்னைத்தானே சுட்டிக்காட்டும். வோல்ட்மீட்டர் வைத்திருப்பவர், செல்ப் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஒன்பதரை வோல்ட்டிற்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்கலாம். அவ்வாறு இறங்காமலும் மோட்டார் மெதுவாகச் சுற்றினால் குற்றம் கம்பியிலோ மோட்டாரிலோதான்.

சுட்ட கம்பி எர்த் கம்பி. வண்டியில் எர்த் என்பதற்கும் மண்ணுக்கும் உறவில்லை. ரப்பர் டயர்களின்மேல் நிற்கும் ஊர்திக்கு மண்ணோடு என்ன தொடர்பு? பாட்டரியின் ஒரு முனையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பூட்டிவிட்டு, ஒவ்வொரு விளக்கிற்கும் திரும்பி வரும் கம்பியை மிச்சப்படுத்துகிறார்கள். சட்டமே திரும்பும் வழி. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் கரிசல் சேறு பூசி நிற்பதும், கடற்காற்றின் உப்பு வந்து படிவதும், துரு ஏறுவதும் முதலில் அந்தச் சட்டத்தில்தான். பழைய ஜீப்புகளின் மின்கோளாறுகளில் பாதிக்கு மேல் எர்த் கோளாறே என்பது என் அனுபவம். ஒரு முகப்பு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தால் அவ்விளக்கின் எர்த்தைப் பாருங்கள். பக்க விளக்கு மினுக்கும்போது அதனோடு சேர்ந்து சம்பந்தமில்லாத மற்றொரு விளக்கும் மினுக்கினால், மின்சாரம் தன் எர்த் வழி அடைபட்டு அண்டை வீட்டு வாசல் வழியே திரும்புகிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஓட்டுநர் பேனாக்கத்தியால் அவ்விணைப்பைச் சுரண்டிப் பளிச்சென்று உலோகம் தெரியச் செய்து இறுக்கினார். பாட்டரிக்குத் துணையாக முன்புறத்துக் கைப்பிடியை மாட்டி அவரே சுழற்றினார். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டார். பொறி முந்திவிட்டால் எஞ்சின் திருப்பியடித்துக் கட்டைவிரலை முறித்துவிடும். இரண்டாம் சுழற்சியில் எஞ்சின் பற்றிக்கொண்டது. இரவு பதினோரு மணிக்குப் பெட்டிகளை முத்திரை குலையாமல் ஒப்படைத்தோம். தாமதத்திற்குக் காரணம் எழுதச் சொன்னார்கள். 'ஈரம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அன்று எங்களுக்கு வாய்க்காத சோதனை ஒன்று உண்டு. காயிலின் நடுக்கம்பியிலேயே பொறி இல்லையென்றால் என் செய்வது? சிறு பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளை இணைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியைச் சட்டத்திலும், மற்றொன்றைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் திருகிலும் வைத்து, சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுழற்றச் செய்யுங்கள். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரியும், மூடும்போது அணையும். இவ்வாறு மினுக்கினால் முதற் சுருளின் வழி சீராக இருக்கிறது. காயிலையோ கண்டென்ஸரையோ ஐயுறலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அழுக்கேறி மின்சாரம் கடக்கவில்லை. எரியவே இல்லையென்றால் மின்சாரம் காயிலுக்கு வரவில்லை, அல்லது பாயிண்ட் திறக்கவே இல்லை. ஒரு சிறு பல்பு இத்தனை சொல்லும். பாயிண்டின் இடைவெளி ஜீப்பில் அரை மில்லிமீட்டர் அளவு.

குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, அரை மணி ஓடியபின் நின்று, ஆறியதும் மீண்டும் ஓடும் வண்டிகள் உண்டு. சூட்டினால் காயிலின் உள்ளே இழை விட்டுப்போவதாலும் இது நேரும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதாலும் நேரும். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. நின்ற அந்தக் கணத்திலேயே பொறியைச் சோதித்தால் பிரித்துவிடலாம். ஆறவிட்டுச் சோதிப்பவனுக்கு இரண்டும் அகப்படா.

பாட்டரியைப் பற்றிச் சிறிது. ஈயத்தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட இதனை 1859-இல் பிரெஞ்சுக்காரரான பிளான்டே கண்டார். நீர் ஊற்றும் வகைப் பாட்டரியில் காய்ச்சி வடித்த நீரன்றி வேறு ஊற்றலாகாது. நம் கரிசல் கிணறுகள் பல உவர்ப்பானவை. அந்நீரிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும். முனைகளில் பூக்கும் வெண்பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, வாசலின் தடவலாம். மின்னேற்றம் நடக்கும்போது ஹைட்ரஜன் வெளிப்படுமாதலால் அருகில் தீக்குச்சி கிழிக்கலாகாது.

இவையெல்லாம் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு உரியவை. பின்னர் வந்த ஜீப்புகளில் டீசல் எஞ்சின்கள் பெருவாரியாகப் பொருத்தப்பட்டன. டீசலில் காற்றை அமுக்கும் சூட்டாலேயே எரிபொருள் பற்றுவதால் பொறியே கிடையாது. அங்கே மின்சாரத்தின் தலையாய வேலை செல்ப்பைச் சுழற்றுவது. ஆகவே பாட்டரியும் எர்த்தும் முன்னிலும் முக்கியமாகின்றன. இந்நாளைய பெட்ரோல் வண்டிகளில் பாயிண்டும் இல்லை, டிஸ்டிரிபியூட்டரும் இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் அமர்ந்திருக்கிறது. வெட்டும் கணத்தைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. அதில் கம்பியைக் கழற்றிப் பொறி பார்க்கும் பழைய சோதனையைச் செய்யாதீர்கள். அழுத்தம் மிக அதிகம், உயிருக்கும் இடர், கணிப்பொறிக்கும் கேடு. கருவியை மாட்டினால் கோளாற்றின் எண்ணைச் சொல்லும். இரண்டாம் உருளையில் பொறி தவறுகிறது என்று எண் வந்தால், அவ்வுருளையின் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் பொருத்திப் பாருங்கள். குற்றமும் மூன்றாவதற்கு இடம் பெயர்ந்தால் காயில் கெட்டது. பெயராவிட்டால் பிளக்கோ, கம்பியோ, வேறொன்றோ. ஓடைக்கரையில் அந்த ஓட்டுநர் கேட்ட கேள்வியும் இத்தகையதே.

உங்களில் எவரேனும் வீட்டிலுள்ள பழைய ஜீப்பில் இவற்றைச் செய்து பார்க்க விரும்பினால், பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கியரை நடுநிலையில் நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். பாட்டரியைக் கழற்ற நேர்ந்தால் எர்த் முனையை முதலிற் கழற்றுங்கள். மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்டுங்கள். மற்ற முனையை முதலிற் கழற்றினால், ஸ்பானர் தவறிச் சட்டத்தைத் தொட்ட மாத்திரத்தில் பாட்டரியின் முழு வலிமையும் அதன் வழியே பாயும். கைவிரல் மோதிரத்தையும் உலோகப் பட்டை போட்ட கடிகாரத்தையும் அதற்கு முன்பே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.